ஆவாது என்று சொன்னவர்

நான் வேலை பார்த்த நாளிதழ் வட்டாரப் பக்கத்தை நிறுத்திய பிறகு, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். அகல் விளக்கு, ஊதுபத்தித் தாங்கி, சின்னப் பொம்மைகள் செய்யும் இடம். ஆர்டர்களைக் குறித்துக்கொள்வேன், வெளியூர் வியாபாரிகளுக்குப் பதில் எழுதுவேன். முதலாளி கோபமாகச் சொல்வதைப் பணிவாக மாற்றித் தர வேண்டும். பல வருடம் செய்தி எழுதிப் பழகிய கைக்கு அது கஷ்டமாக இல்லை.

பட்டறையின் நடுவில் சோதனை மேஜை இருந்தது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு விளக்கும் அதைத் தாண்டித்தான் அட்டைப் பெட்டிக்குள் போகும். அங்கே ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். விளக்கை இடது உள்ளங்கையில் வைத்து, விளிம்பை ஒரு மரக்குச்சியால் தட்டுவார். நல்ல விளக்கு கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மொண்ணையாக வரும். "ஆவாது" என்று விளக்கிடமே சொல்வதுபோல் சொல்லி, பக்கத்துக் கூடையில் போடுவார். பல வருடம் பெட்டி கட்டிவிட்டு அந்த மேஜைக்கு வந்தவர். ஒரு வியாபாரியிடம் முதலாளி, "அந்தம்மா கையத் தாண்டிட்டா நீங்க கண்ண மூடிக்கிட்டு விக்கலாம்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதை அக்காவிடம் சொன்னபோது, "நெசமா சொன்னாரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்த வருடம் ஆர்டர்கள் குறைந்தன. புதிதாக எதையாவது செய்தால்தான் நிற்க முடியும் என்று முதலாளி நினைத்தார். தெரிந்தவர் மூலமாகச் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். முப்பது வயதுக்குள் இருந்த, சிரித்த முகமுள்ள ஆள். ஒரு சனிக்கிழமை காலை, பெட்டி கட்டும் கொட்டகையில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். ஆளுக்கு நாலு வண்ணத் துண்டுத்தாள் கொடுத்தார். எழுதத் தயங்கியவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் சொன்ன விதிகளை வழக்கம்போல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எவ்வளவு யோசனை வந்தாலும் நல்லது. கிறுக்குத்தனமாக இருந்தாலும் சொல்லலாம். அடுத்தவர் சொன்னதன் மேல் நீங்கள் கட்டலாம். யார் சொன்னதையும் யாரும் முடியாது என்று தட்டக் கூடாது. அப்படித் தட்டினால் மணி அடிக்கப்படும். முதல் பகுதியில் கொட்டுவது, டீ குடித்த பிறகு இரண்டாம் பகுதியில் சலிப்பது, எது நடக்கும் எது நடக்காது என்று அப்போது பேசலாம் என்றார்.

மணி அடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது முதலாளி என்னைக் காட்டினார். "பேப்பர்ல இருந்தவரு, யாரு பக்கமும் சாயமாட்டாரு." டீ சொல்வதற்காக அவர் மேஜையில் வைத்திருந்த மணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். நான் முதல் தடவை அடித்ததும் வெளியிலிருந்து டீக்காரர் எட்டிப் பார்த்து, எத்தனை டீ என்று கேட்டார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு எல்லோருக்கும் வாய் வந்தது.

கோயில் கோபுர வடிவத்தில் பேனா வைக்கும் குவளை. பெயர் பொறித்த அகல், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைக்கு. செல்போன் சாய்த்து வைக்கும் யானை. பெட்டி கட்டும் பெண்களில் ஒருவர் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுதியிருந்தார். பயிற்சியாளர் அதை வாசித்துவிட்டு, 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார்.

சூளையைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் ஒரு யோசனை சொன்னார். சூளை அணைந்த பிறகு ஒரு பகலும் ஒரு இரவும் ஆறவிடுகிறோம். அணைந்த கொஞ்ச நேரத்திலேயே கதவை ஒரு சாண் திறந்து, இரண்டு பக்கமும் மின்விசிறி வைத்தால் அரை நாளில் ஆறிவிடும். கார்த்திகைக்குள் வாரத்துக்கு ஒரு சூளை கூடுதலாக எடுக்கலாம்.

"அது ஆவாது சார்" என்றார் சோதனை மேஜை அக்கா.

நான் மணி அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

"இல்ல சார், சூட்டோட காத்துப் பட்டா நூலாட்டம் விரிசல் வுட்டுடும். பாத்தா தெரியாது."

மறுபடியும் அடித்தேன். "அக்கா, ரெண்டு ஆச்சு. மூணாவது அடிச்சா டீ கெடையாது" என்று ஒரு பெண் சொன்னார். மூன்றாவது முறை அவர் வாயைத் திறந்தார், என் கையைப் பார்த்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கொட்டகையில் அன்று அதிகம் சிரிப்பு வந்தது அதற்குத்தான். வாக்குப் போட ஆளுக்கு மூன்று பொட்டு கொடுத்தார்கள். நெற்றியில் வைக்கும் ஒட்டுப்பொட்டுதான். சூளைக் கதவு யோசனைக்கு அதிகப் பொட்டு விழுந்தது.

டீ வந்தபோது நேரமாகிவிட்டது. பயிற்சியாளர் ஜங்ஷனில் மதிய ரயிலைப் பிடிக்க வேண்டும். இரண்டாம் பகுதியை அடுத்த வாரம் நீங்களே செய்துகொள்ளுங்கள், ரொம்பச் சுலபம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். என் குறிப்பேட்டில் 'இரண்டாம் பகுதி' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் விட்டிருந்தேன். அடுத்த வாரம் மேற்பார்வையாளர் இரண்டு மின்விசிறி வாங்கி வந்தார். அந்தப் பக்கத்தில் எதையும் எழுத வேண்டி வரவில்லை.

புது முறையில் முதல் சூளை திறந்த அன்று, சோதனை மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கூடை நிரம்பி இரண்டாவது கூடையும் பாதி ஆனது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, அலுவலகத்திலிருந்து மணியை எடுத்துவந்து சோதனை மேஜையில் வைத்தார். விளையாட்டாகத்தான். அக்கா ஆவாது என்று சொல்லும்போதெல்லாம் பெட்டி கட்டும் பெண்களில் யாராவது எட்டி ஒரு தட்டுத் தட்டுவார்கள். "அக்கா, இன்னிக்கு எத்தினி?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். இரண்டு நாள் அவரும் சிரித்தார். மூன்றாவது நாள் அந்தச் சொல்லைச் சொல்வதை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கூடையில் வைக்க ஆரம்பித்தார். கூடையைப் பார்த்தும் மணி அடித்தார்கள்.

அந்த வழியாக வந்த முதலாளி நின்றார். "ஏம்மா, எல்லாத்துக்கும் ஆவாதுன்னா எப்பிடி? நல்லதா நாலு சொல்லக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் அறை வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு விளக்கு. "கேளுங்க சார்" என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். வித்தியாசம் எனக்கே கேட்டது. எனக்குக் கேட்டது என்றும் சொன்னேன்.

"கூட்டத்துல ரெண்டாவது ஒன்னு இருக்குதுன்னாரே அந்தத் தம்பி. அது எப்போ சார்?"

முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கார்த்திகை ஆர்டர்கள் குவிந்திருந்தன, அது உண்மை. புது யோசனைக்குக் குறுக்கே நிற்கும் ஆள் என்று என்னையும் நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன், அதுவும் உண்மை. இரண்டில் இரண்டாவதுதான் பெரிய காரணம். அவர் மறுபடி வந்து கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து கூடை நிரம்புவது குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று மேற்பார்வையாளர் சொன்னார். விளக்குகள் லாரி ஏறின.

கார்த்திகை முடிந்த மறுநாளே கோயம்புத்தூர் வியாபாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. வீட்டு வாசற்படிகளில், கோலத்தின் மேல், விளக்கைச் சுற்றி எண்ணெய் வட்டம் வட்டமாக இறங்கியிருந்தது. சில படங்களில் விளக்கு முழுசாக, புதிதுபோல் இருந்தது. அடியில் மட்டும் எண்ணெய். அடுத்த வாரம் விற்காத பெட்டிகளும் திரும்பி வந்தன. முதலாளி ஒரு பெட்டியை உடைத்து விளக்கு ஒன்றில் எண்ணெய் ஊற்றித் தன் மேஜை மேல் வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே விரித்திருந்த தாள் நனைந்தது.

அக்காவைக் கூப்பிட்டார். நானும் மேற்பார்வையாளரும் அறையில் இருந்தோம்.

"இத எப்பிடிம்மா வுட்டீங்க?"

"நீங்கதான சார், ஆவாதுன்னு சொல்லக் கூடாதுன்னீங்க."

"அது அன்னிக்குக் கூட்டத்துல சொன்னதும்மா."

"எனக்கு அது தெரியல சார்" என்றார். எதிர்த்துப் பேசும் குரல் அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். முதலாளி என்னைப் பார்த்தார், மணி அடித்தவன் என்பதால் இருக்கலாம். நான் நனைந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கேட்டிருந்தார் வியாபாரி. "நல்லபடியா எழுதிடுங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று முதலாளி என்னிடம் விட்டார். சூளைக் கதவைப் பற்றி எழுதினால் அடுத்த வருட ஆர்டர் போய்விடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சோதனைப் பிரிவில் ஏற்பட்ட கவனக்குறைவே காரணம் என்று எழுதினேன். அந்தப் பிரிவில் இருந்தது ஒரே ஒருவர். கடைசி வரியாக, அப்பிரிவில் தகுந்த மாற்றம் செய்யப்பட்டுள்ளது என்று சேர்த்தேன். அப்படி எந்த மாற்றமும் அப்போது நடக்கவில்லை. அதிகாரிகள் தரப்பு விளக்கத்தை ஆயிரம் முறை எழுதிய கை, முடிக்கும்போது அந்த வரியைத் தானாகப் போட்டது.

முதலாளி கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை வாசித்தார். கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார். "ஆமால்ல, இதையும் செஞ்சுடணும்" என்றார்.

அது வெறும் வாசகம் சார், செய்ய வேண்டியதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். கடிதத்தை வாங்கி உறையில் போட்டேன்.

மறுநாள் அக்காவைப் பெட்டி கட்டும் பக்கம் மாற்றினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, அந்த அளவுக்கு முதலாளி நல்லவர். மேஜையில் மேற்பார்வையாளருக்குத் தெரிந்த ஒரு பெண் உட்கார்ந்தார். அக்கா நாலு நாள் விளக்குகளைத் தாளில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் அடுக்கினார். ஐந்தாவது நாளிலிருந்து வரவில்லை. சூளை மறுபடியும் ஒரு பகலும் ஒரு இரவும் ஆற ஆரம்பித்தது. அவசரமாக ஆறவிட்டது தவறு என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மின்விசிறிகளைக் கொட்டகையில் மாட்டிவிட்டார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஸ்ரீமுஷ்ணம் போகும் ரோட்டில், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் இறக்கவில்லை. "வாங்க சார், எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க வூட்ட" என்று நாற்காலி போட்டார். அவருடைய கணவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், எனக்கு இடம் விட்டு உள்ளே போனார். கடிதத்தில் எழுதியதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க எழுதலன்னா அவரு வேற ஆள வச்சு எழுதியிருப்பாரு" என்றார். பிறகு, "நீங்க எழுதனது பொய்யி ஒன்னும் இல்ல சார். எனக்குக் கேட்டுது. ஒவ்வொன்னும் கேட்டுது. கேட்டும் பெட்டிக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, அது உங்கள் தவறு இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. டீ போட எழுந்தவர் பாதியில் நின்றார்.

"எண்ணெ எறங்கிட்டா வெளக்கு சீக்கிரம் நின்னுடுமில்ல சார். நல்ல நாளும் அதுவுமா அவுங்க வூட்டு வாசல்ல எரியாம நின்னிருக்கும். அந்த வூட்டு மனுசங்க என்னா நெனச்சிருப்பாங்க?"

எனக்கு வந்த படங்கள் எல்லாம் என் செல்போனில் இருந்தன. எந்தப் படத்தில் விளக்கு எரிந்தது, எந்தப் படத்தில் அணைந்திருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. எண்ணெய்க் கறையை மட்டும்தான் பார்த்திருந்தேன். அதையும் அவரிடம் சொல்லவில்லை. எரிந்துகொண்டுதான் இருந்தது அக்கா, படத்தில் பார்த்தேன் என்றேன்.

"நெசமாவா?" என்றார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீ போட உள்ளே போனார்.