தீப்பெட்டிக்குள் வந்த கடலைக்கொல்லைப் பூச்சி

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு பூன் லே நிலையத்தில் ரயில் ஏறினோம். என் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் மிளகை விடச் சற்றுப் பெரிய கறுப்புப் பூச்சி ஒன்று, உயிரோடு.

பிள்ளைகளே, அப்பாவோடு வந்தவர் செல்வம், புதுக்கோட்டைக்காரர். நாங்கள் வேலைக்காரர்கள் தங்கும் விடுதி அறைக்குப் புதிதாக வந்தவர். அவர் வந்த வாரத்தில்தான் இந்தப் பூச்சிகள் அவர் கட்டிலில் தென்பட்டன. நசுக்கினால் மூட்டைப்பூச்சி போலவே நாற்றம். "ஊர்லேர்ந்து மூட்டையோட வந்துட்டான்" என்று அதே அறையில் இருக்கும் ராஜு கத்தினார். அன்றிலிருந்து செல்வம் நடைபாதையில் அட்டை விரித்துப் படுக்கிறார். மருந்தடித்தால்தான் உள்ளே இடம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். சிராங்கூன் சாலையில் பூச்சிமருந்து விற்கும் கடைக்கார பாய் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"மூட்டைப்பூச்சி தட்டையா, செம்பழுப்பா இருக்கும் தம்பி. இது கருகருன்னு மின்னுது. மருந்து வித்தா எனக்கு லாபம்தான் லா, ஆனா இதுக்கு வேணாம்."

"அப்ப இது என்ன பாய்?"

"எனக்குத் தெரியாது. காலைப் பாத்தா மண்ணு தோண்டுறது போல இருக்கு, மண்ணுல விட்டுப் பாருங்க, தெரியும்."

ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் மழையில் நனைந்த புல்தரை. பூச்சியை இறக்கிவிட்டேன். அதன் முதுகில் முக்கோணமாக ஒரு கேடயம். தலையைத் தாழ்த்தியது, சீப்புப் பல் போல முள் இருந்த கால்களால் ஈரமண்ணைத் தள்ளித் தள்ளி உள்ளே போய்விட்டது.

செல்வம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, எங்க கடலைக்கொல்லையில கெடக்குமே, அந்த மாதிரிதாண்ணே இது! செடி புடுங்குறப்ப வேரோட வரும். சாறுதான் குடிக்கும், ஆளைக் கடிக்காது."

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கண்ணே பாக்க விட்டாங்க? பூச்சியக் கண்ட உடனே செருப்பால நசுக்கிட்டாங்க."

குச்சியால் மெல்லக் கிளறி எடுத்து, அது மறுபடி மண்ணில் புதைவதைப் படம் பிடித்துக்கொண்டோம். மழை பெய்தால் இவை மண்ணைவிட்டு வெளிச்சத்துக்குப் பறந்து வரும் என்றார் செல்வம்; அவர் வந்த வாரமும் மழைதான். செல்வத்தின் கட்டில் ஜன்னலோரம், டியூப் லைட்டுக்கு நேர் கீழே.

அறைக்குத் திரும்பிப் படத்தைக் காட்டினோம். ராஜு இரண்டு தடவை பார்த்தார். பிறகு ஜன்னலைத் திறந்து கீழே இருந்த புல்லைப் பார்த்தார். ஆனால் மூட்டைப்பூச்சி என்று தூக்கி வெளியே போட்ட செல்வத்தின் மெத்தை காலையிலேயே குப்பை லாரியில் போயிருந்தது. ராஜு தன் போர்வையை நான்காக மடித்து வெறும் பலகைமேல் போட்டார்.

"படுப்பா" என்றார். அவ்வளவுதான்.

செல்வத்தின் ஊரில் இந்தப் பூச்சியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடலையை உதறிவிட்டுப் போவார்கள். இங்கே ஒரு மனிதர் அதனால் வாசலுக்கு வெளியே படுத்தார்.

அன்று மாலையும் மழை. விளக்கடியில் கறுப்பாக ஒன்று வந்து விழுந்தது. யாரும் செருப்பைத் தேடவில்லை. செல்வம் அதைக் கையில் எடுத்து, ஜன்னலுக்கு வெளியே விட்டார்.