குவாரி ஓரத்துத் துணிக்கயிறு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பு, ஒரு மழையில், மேலே நின்ற வேலிகாத்தான் புதரோடு சரிந்து கீழே போனது.
2. சரிந்தது, ஊராட்சி புதிதாகப் போட்ட மழைநீர்க் கால்வாய் வந்து முடிகிற இடத்தில்.
3. முதலாளி ஊராட்சிக்கு மனு கொடுத்தார். பிறகு இன்னொரு மனு. பிறகு அந்த மனுவை நினைவூட்டி ஒரு மனு.
4. எங்களிடம் உதிரிபாகம் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும் என்றார்.
5. முதலாளி ஊராட்சி மேல் வழக்குப் போட்டார். கால்வாயைத் திருப்பிவிட வேண்டும், விளிம்பைப் பாதுகாப்பாக்க வேண்டும் என்று கேட்டார்.
6. அன்று விழுந்தது விழுந்ததுதான், அதற்குப் பிறகு விளிம்பு அசையவே இல்லை என்று ஊராட்சி பதில் சொன்னது. டேப்பை வைத்து அளந்தால், அவர்கள் சொன்னது சரியாக இருந்தது.

ஆறாவதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

பட்டறை, மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் பக்கம் வரும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சி.என்.சி. லேத் என்கிற, கணினியில் ஓடும் கடைசல் மெஷின்களில் வண்டிகளுக்கான புஷ், அதாவது நடுவில் துளையுள்ள சின்னச் சின்ன இரும்பு உருளைகள், கடைந்து கொடுக்கிறோம். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே குவாலிட்டி பார்க்கிறேன். கடைந்து வருவது எதுவும் என் மேஜையைத் தாண்டாமல் பெட்டிக்குள் போகாது. முதலாளி முன்பு ஒரு பெரிய ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர். கட்டடம் எழுப்பும்போது அஸ்திவாரத்துக்குப் பாறையை உடைக்க நேர்ந்த கதையை, டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது மனப்பாடம்.

கட்டடத்துக்குப் பின்னால் சிமென்ட் கல் பாவிய ஒரு முற்றம். மேலே பச்சை வலை. முற்றத்தின் கடைசியில் மதில். மதிலை ஒட்டி நீளமாக ஒரு பெஞ்சு. மதியம் எல்லோரும் அங்கேதான் டிபன் பாக்ஸைத் திறப்போம், மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புதர்மண்டிய தரை. அதற்கப்புறம் குவாரி. அடியில் பச்சைத் தண்ணீர்.

முற்றத்துக்குக் குறுக்கே ஒரு நைலான் கயிறு உண்டு. ஒரு முனை கட்டடத்தின் தூணில், மறுமுனை மதிலில் அடித்த கொக்கியில். எண்ணெய்க் கறை போகத் துவைத்த கோட்டுகளையும் கை துடைக்கும் துண்டுகளையும் அதில்தான் காயப்போடுவோம். நான் சேர்ந்த புதிதில் அது நடுவில் நன்றாகத் தொய்ந்திருக்கும். குனியாமல் போனால் ஈரத் துண்டு முகத்தில் படும்.

இந்தக் கயிற்றை வைத்துத்தான் முதல் ஷிப்டுக்கும் இரண்டாம் ஷிப்டுக்கும் சண்டை வந்தது.

முதல் ஷிப்டில் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் மூத்தவர் சிவகங்கைப் பக்கத்து அக்கா ஒருவர். மண்ணூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். உயரம் கொஞ்சம் குறைவு, பேச்சு அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். இரண்டாம் ஷிப்டில் உள்ளூர்ப் பையன்கள். ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் அக்கா அவர்களை வாசலிலேயே மறித்தார்.

"ஏண்டா, கயித்த எதுக்குடா இழுத்துக் கட்டுறீக? எட்ட மாட்டேங்குது."

"நாங்க கயித்த தொட்டதே இல்லக்கா."

"தொடாமத்தான் மேல ஏறுச்சாக்கும். போன வாரம் கைக்கு எட்டுச்சு. இப்பக் குதிச்சாத்தான் துண்டு வருது."

"அக்கா, அது ஏறலக்கா. நீதான் எறங்கினு கீற."

அந்த நெட்டைப் பையனை அக்கா அதற்குப் பிறகு பல நாள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ஒட்டகம்' என்றே கூப்பிட்டார். சண்டை என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தது. நான் இரண்டு ஷிப்டையும் கூப்பிட்டு, கயிற்றை யாரும் தொடக்கூடாது என்று சொன்னேன். அவ்வளவுதான் செய்தேன். கயிறு அதற்குப் பிறகும் மேலே போனது. பையன்கள் மேலும் திட்டு வாங்கினார்கள்.

இதற்கிடையில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்குப் போட்ட புதிதில், முதலாளியும் ஊராட்சி வார்டு உறுப்பினரும் சேர்ந்தே மதிலிலிருந்து குவாரி விளிம்பு வரை டேப் பிடித்து, விளிம்பில் ஒரு முளை அடித்து வைத்திருந்தார்கள். மாதங்கள் கழித்து அளந்தபோது அளவு மாறவில்லை. வழக்கில் ஊராட்சியின் பதிலே அதுதான்.

வார்டு உறுப்பினர் கெட்டவர் இல்லை. அந்தக் கால்வாய் அவர் கேட்டு வந்தது. அதற்கு முன்பு அவர் தெருவில் மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கால்வாயைக் குறை சொன்னால் அவர் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி.

கோர்ட், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்தம்மா அளந்து பாத்துட்டு, மாறலன்னு எழுதிட்டா கேஸ் அவ்ளோதாம்மா. நம்ம வக்கீலே சொல்லிட்டார்."

"மழை வந்தா சார்?"

"மழைக்கு முன்னாடி ஆர்டர் பூடும். எங்கியாவது சின்ன ஷெட்டா வாடகைக்குப் பாத்துகினு போகணும். மெஷின்ல பாதிதான் வெக்க முடியும்."

பாதி மெஷின் என்றால் பாதி ஆட்கள்.

மறுநாள் காலையில் கமிஷனர் வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். கையில் ஒரு நீளக் குடை. முந்தின நாள் தூறலில் புதர்ப்பக்கம் சேறாக இருந்தது. வார்டு உறுப்பினர் முன்பே வந்து, மதிலோரப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து எங்கள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அளந்தார்கள். ஒரு முனையை முதலாளி மதிலில் வைத்துப் பிடித்தார். மறுமுனையை வார்டு உறுப்பினர் முளை வரை கொண்டுபோனார். கமிஷனர் சேற்றில் இறங்கி, குனிந்து தானே படித்தார். பழைய அளவுதான்.

"இன்னா மேடம், நான் சொன்னது கரெக்டா?" என்றபடி வார்டு உறுப்பினர் திரும்பி வந்து, விட்ட டீயை எடுத்துக்கொண்டு மறுபடி பெஞ்சில் சாய்ந்தார்.

கமிஷனரின் கையெல்லாம் சேறு. குழாயில் கழுவினார். துடைக்கத் துண்டு வேண்டியிருந்தது. அக்கா கயிற்றுக்கு அடியில் போய் நின்று ஒரு குதி குதித்தார். எட்டவில்லை.

"இந்தா பாருங்க மேடம், கோர்ட்டுல இதயும் சேத்து எழுதிக்கங்க. எட்டாத எடத்துல கயித்தக் கட்டி வச்சு உசுர வாங்குறானுக."

கமிஷனர் சிரித்தார். துண்டை எடுத்துக் கொடுக்க நான் போனேன். அப்போதுதான் கயிற்றைச் சரியாகப் பார்த்தேன். அது இறுகி, விரலால் தட்டினால் அதிர்ந்தது. தூண்பக்கத்து முடிச்சுக்குப் போனேன். ஆடிட் வருகிறது என்று தூண்களுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தபோது, முடிச்சை அவிழ்க்காமல் அதன் மேலேயே அடித்திருந்தார்கள். பெயின்ட் முடிச்சின் மடிப்புகளில் காய்ந்து, எங்கும் வெடிக்காமல் அப்படியே இருந்தது. மதில்பக்கம் போனேன். கொக்கியும் முடிச்சும் துருவில் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

யாரும் இழுத்துக் கட்டவில்லை. கயிறு அதேதான். மாறியது இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

என் மேஜையில் டயல் கேஜ் என்று ஒரு கருவி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அசைவை அதன் முள் பெரிதாக்கிக் காட்டும். தொய்ந்த கயிறும் அதே வேலையைச் செய்யும். முனை ஒரு விரல் அகலம் விலகினால் நடு, சாண் கணக்கில் மேலே எழும். அந்தக் கருவிக்கு அடியில் நின்றுதான் இத்தனை மாதமாக நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

துண்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "மேடம், மதிலே நகருது."

கமிஷனர் கை துடைப்பதை நிறுத்திவிட்டு மதிலைப் பார்த்தார்.

"இன்னாமா சொல்ற? செவுரு நடக்குதா?" என்றார் வார்டு உறுப்பினர்.

"மதிலும் வெளியில இருக்கற தரையும் சேந்து குவாரி பக்கம் போகுது சார். ரெண்டும் ஒண்ணாப் போறதால டேப்புல தெரியல. ஓடற வேன்ல முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் டேப் புடிச்சா, வேன் குன்றத்தூர் போய்ச் சேந்தாலும் அதே அளவுதான் வரும்."

"நகந்திருந்தா எடம் விட்டிருக்கணுமே, எங்க?" என்று கமிஷனர் கேட்டார்.

நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். முற்றத்தின் சிமென்ட் கற்களை மேஸ்திரி மதிலைத் தொட்டு முடித்திருந்தார், அது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது பெஞ்சுக்கு அடியில், கடைசிக் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில், ஒரு கறுத்த பட்டை ஓடியது. தினமும் கூட்டுகிற குப்பை போய் அடைகிற இடம். மணல், சோற்றுப் பருக்கை, லேத்திலிருந்து விழும் இரும்புச் சுருள். விரிய விரியக் குப்பை நிரம்பிக்கொண்டே வந்ததால் அது இடைவெளி என்றே யாருக்கும் தோன்றவில்லை.

கமிஷனர் குனிந்து குடையின் நுனியை அதில் ஊன்றினார். உள்ளே போனது. இன்னும் அழுத்தினார். கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே வரை குடை இறங்கியது. அகலம் நான்கு விரல் இருந்தது.

வார்டு உறுப்பினர் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். பிறகு, தூங்குகிற குழந்தையின் பக்கத்திலிருந்து எழுந்திருக்கிற மாதிரி, மெதுவாக எழுந்து முற்றத்தின் நடுவுக்கு வந்தார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா. நான் சாஞ்சிகினு இருந்தேனே."

"நாங்க தெனமும் சாஞ்சுதான சார் சாப்புடுறோம்" என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. பெஞ்சில் இருந்த தன் டிபன் பாக்ஸை எட்ட நின்றே இழுத்து எடுத்துக்கொண்டார். "அட பாவமே. அந்த ஒட்டகத்த நான் எம்புட்டுப் பேச்சுப் பேசிட்டேன்."

ஆனால் வார்டு உறுப்பினர் விடவில்லை. "ஒருவேள உங்க பில்டிங்தான் நகந்துகினு கீதோ?"

கேலியாகத்தான் கேட்டார். முதலாளி மட்டும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்தது எனக்குப் புரிந்தது. வழக்கில் ஜெயிக்கப்போகிறோமா என்பது இல்லை அது.

உள்ளே போய், மெஷினை நிறுத்தச் சொல்லி, குவாரிக்கு மிக அருகில் இருக்கும் லேத்தின் படுகையான நீண்ட இரும்புத் தளத்தைத் துடைத்தேன். மெஷின்களை நிறுவும்போது பயன்படுத்துகிற நுட்பமான ரசமட்டம் ஒன்று எங்களிடம் உண்டு. ஒரு தாள் கனத்துக்குச் சாய்ந்தாலும் அதன் குமிழி ஓரத்துக்கு ஓடிவிடும். அதைப் படுகையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். குமிழி அங்கும் இங்கும் அலைந்தது. எல்லோரும் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். அக்காவின் மூச்சு என் தோளில் பட்டது. குமிழி நடுவுக்கு வந்து நின்றது. திருப்பி வைத்தேன். மறுபடி நடுவில்.

ரசமட்டம் சாய்வைத்தான் காட்டும், நகர்வைக் காட்டாது. அதனால் வாசல்பக்கமும் போய்ப் பார்த்தோம். படிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மயிரிழைப் பிளவுகூட இல்லை. கட்டடம் பாறை மேல் நிற்கிறது. மதில், குவாரி தோண்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன மண்மேல் நிற்கிறது.

முதலாளி லேத்தின் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்போ பாறைய ஒடச்சோம் பாரு..." என்று ஆரம்பித்தார். அன்று அந்தக் கதையை யாரும் பாதியில் நிறுத்தவில்லை. கமிஷனரும் முழுதாகக் கேட்டார்.

அவருடைய அறிக்கையில் கயிறு பற்றி ஒரு வரி இருந்தது என்று எங்கள் வக்கீல் சொன்னார். கால்வாய் நீரை மழைக்கு முன் வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது. வேலைக்கு வந்த ஆட்களுடன் வார்டு உறுப்பினரும் வந்து நின்றார். தண்ணீர் அவர் தெருவுக்கே திரும்பிவிடாமல், ஏரிக்குப் போகிற பழைய ஓடையில் சேரும்படி அவரே வழி காட்டினார். மதிலை நாங்கள் மேலிருந்து கல் கல்லாக இறக்கினோம்.

முதல் பெரிய மழை ஒரு மதியத்தில் வந்தது. மெஷின் சத்தத்தை மீறித் தகரத்தில் கொட்டியது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். நானும் போனேன். போன வருடம் அருவி மாதிரி விழுந்த இடத்தில் புதர் சும்மா நனைந்துகொண்டு நின்றது. கால்வாய் வாயில் தண்ணீர் இல்லை.

"வரல" என்றார் அக்கா.

"வரலக்கா."

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தோம். அன்று எனக்குப் பெட்டி பெட்டியாக வேலை இருந்தது. அது எவ்வளவு நிம்மதியான வேலையாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

இப்போதைய நிலை இது. வழக்கு இன்னும் முடியவில்லை. விளிம்புக்குத் தடுப்புச்சுவர் யார் கட்டுவது என்பது பாக்கி. மதில் இருந்த இடத்துக்கு வெகு முன்னால் கம்பிவேலி போட்டிருக்கிறோம், அதைத் தாண்டி யாரும் போவதில்லை. ஆர்டர் எங்களிடமே இருக்கிறது, ஆட்களும் எல்லோரும் இருக்கிறார்கள். சாப்பாடு வாசல்பக்கத்துக்கு மாறிவிட்டது. கயிற்றைக் கட்டடத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவில், அக்காவின் கைக்கு எட்டுகிற மாதிரி தொய்வாகக் கட்டியிருக்கிறோம். கட்டியது அந்தப் பையன்தான். தொய்வு அப்படியே இருக்கிறது.