இன்னும் ஒருவர் வரவில்லை

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்த மழை ஐந்து மணியாகியும் விடவில்லை. ஆறு மணிக்கு உல்லாசக் கப்பல் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட வேண்டும்.

அந்தக் கப்பலின் ஏறுபடி வாயிலில் நின்று பயணிகளின் அடையாளத்தைச் சோதிக்கும் பெண்மணிக்கு வயது ஐம்பத்தொன்று. அங்கே அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. 'காதக்கா' என்றால்தான் தெரியும். கப்பலுக்கு வருமுன் ஒரு புகைப்பட நிலையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கடவுச்சீட்டுப் படங்களை எடுத்து, அளவாக வெட்டிக் கொடுத்தவர் அவர். "காது தெரியணும், முடியை ஒதுக்குங்க" என்று நாளொன்றுக்கு நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். மீசை போகும், கன்னம் ஒட்டிப்போகும், மூக்குக்கண்ணாடி மாறும். காதின் மடிப்புகள் மட்டும் அப்படியே இருக்கும் என்பது அங்கே அவர் கண்ணால் கற்ற பாடம். கப்பலிலும் அவர் முதலில் பார்ப்பது காதைத்தான்.

நிலையத்தை மூடியபோது அவருக்கு வயது நாற்பது. கப்பல் வேலைக்கு விண்ணப்பித்தார், கிடைத்தது. வீட்டையும் மகளையும் தாம் பார்த்துக்கொள்வதாகத் தையற்கடைக்காரரான கணவர் சொல்லிவிட்டார். நாத்தனார்தான் விடவில்லை.

"நல்லாருக்கே! பொம்பள கடல்ல, ஆம்பள அடுப்புல. ஊர் சிரிக்காதா?"

"சிரிச்சா நல்லதுதானே அண்ணி? அழாம இருக்காங்களே!" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்தான். பதினோர் ஆண்டுகள் ஓடிவிட்டன.

வேலை எளியதுபோல் தோன்றும். பயணிகளின் கடவுச்சீட்டுகள் கப்பலின் பெட்டகத்தில் இருக்கும். கரையில் இறங்குபவர் கப்பல் தந்த அட்டையை இயந்திரத்தின்மேல் வைத்தால், திரையில் அவர் படம் தெரியும். 'வெளியே' என்ற எண்ணிக்கை ஒன்று கூடும். திரும்பி வந்து வைத்தால் ஒன்று குறையும். எண்ணிக்கை பூஜ்யமானதும் ஏறுபடியைத் தூக்கிவிடலாம். அவரவர் அட்டை அவரவர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி.

அன்று காலை முதிய தம்பதியர் இறங்க வந்தனர். அம்மையார் இரண்டு அட்டைகளையும் தாமே நீட்டினார்.

"அம்மா, ஐயா கார்டை ஐயாகிட்டயே குடுங்க."

"இவர்கிட்டயா? நாலு நாள்ல மூணு தொப்பியைக் கடல்ல போட்டாச்சு. இதையும் மீனுக்குக் குடுக்கணுமா?"

காதில் செவிக்கருவி மாட்டியிருந்த முதியவர், "என்ன சொல்றா இவ?" என்று உரக்கக் கேட்டார்.

"தொப்பி உங்களுக்கு நல்லாருக்காம், ஐயா."

"அதானே!" என்று அவர் நாலாவது தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

காதக்கா அட்டையை அவருடைய சட்டைப்பையில் வைத்து அனுப்பினார். பத்துப் படி இறங்கியதும் அம்மையார் அதை உருவித் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டது காதக்காவின் கண்ணில் பட்டது. கூப்பிட வாயெடுத்தார், பின்னால் வரிசை நீண்டிருந்தது. விட்டுவிட்டார்.

மாலையில் மழைக்குப் பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தனர். பக்கத்து இயந்திரத்தில் 'மேஜர்' நின்றார். படையில் சமையற்காரராக இருந்தவருக்கு மற்றவர்கள் அளித்த பதவி உயர்வு அது. ஐந்து நாற்பதுக்கு எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டது.

"முடிஞ்சது அக்கா. படியைத் தூக்கச் சொல்லிடலாம்."

"இருங்க. தொப்பி ஐயா இன்னும் வரலையே."

"வந்தாரே! அந்தம்மா ரெண்டு கார்டும் வெச்சாங்க. பின்னாலயே மழைக்கோட்டு போட்டுக்கிட்டு நின்னாரு."

"மழைக்கோட்டுக்காரர் வரிசை மாறி என்கிட்ட வந்து அவர் கார்டை வெச்சுட்டுப் போனார். அவர் வேற ஆளு, மேஜர்."

மேஜர் தொலைபேசியை எடுத்து முதன்மை அதிகாரியைக் கூப்பிட்டார்.

முதன்மை அதிகாரி வந்தார். முதியவரின் அறைக்குத் தொலைபேசியில் பேசினார். தூக்கக் கலக்கத்திலிருந்த அம்மையார், "எனக்குப் பின்னாடிதானே வந்தார்? மேல டீ குடிக்கப் போயிருப்பார்" என்றார். ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தும் எவரும் வரவில்லை. "அந்தக் காது மெஷினைக் கழட்டி வெச்சிருப்பார். இடியே விழுந்தாலும் கேக்காது" என்று அம்மையார் அதற்கும் காரணம் சொல்லிவிட்டார்.

அதிகாரி காதக்காவின் பக்கம் திரும்பினார்.

"மெஷின் உள்ளேங்குது. சம்சாரமே உள்ளேங்கறாங்க. நீங்க மட்டும் வெளியேங்கறீங்க. கப்பல் முழுக்கத் தேடணும்னா ரெண்டு மணி நேரம் ஆகும். உங்க பேச்சைக் கேட்டுக் கப்பலை நிறுத்தி, அவர் மேல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தா, அடுத்த மாசம் உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா அவர் பாஸ்போர்ட் நம்ம பெட்டகத்துல இருக்கு. கார்டு அந்தம்மா பையில இருக்கு. கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாம நிக்கறவரைத் துறைமுகக் காவல்ல எப்படி உள்ள விடுவாங்க? நாம போயிட்டா அவர் யாருன்னு சொல்றதுக்கு அங்க ஆளே இல்ல. படியைத் தூக்காதீங்க. பாஸ்போர்ட்டை என்கிட்ட குடுங்க, துறைமுக கேட் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

அதிகாரி கேப்டனிடம் பேசினார். ஆறு இருபது வரை நேரம் கிடைத்தது.

கடவுச்சீட்டை உறையிலிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, ஐம்பத்தொரு வயதில் அவர் மழையில் ஓடினார். துறைமுக வாயிலின் காவலறையில், சொட்டச் சொட்ட நனைந்து, தொப்பியில்லாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார் முதியவர். வாயிலருகே தொப்பி பறக்க, அவர் அதைத் துரத்திக்கொண்டு தெருவுக்குத் திரும்பியிருக்கிறார். குடைக்குள் தலையைக் குனிந்து நடந்த மனைவி கவனிக்கவில்லை.

"எந்தக் கப்பல்னு கேட்டா, வெள்ளைக் கப்பல்ங்கறார். இங்க நிக்கற மூணும் வெள்ளைதான்" என்று காவலர் அலுத்துக்கொண்டார். கடவுச்சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது. எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய படம். அதில் அடர்ந்த மீசையும் உப்பிய கன்னமும் இருந்தன. "இது இவர் இல்லையேம்மா."

"மீசையை விடுங்க. காதைப் பாருங்க. இடது காதுல, மேல் மடிப்புல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு. மடல் தொங்காம கன்னத்தோட ஒட்டியிருக்கு. படத்துலயும் பாருங்க."

காவலர் குனிந்து படத்தைப் பார்த்தார்; நிமிர்ந்து ஆளைப் பார்த்தார்; கைவிளக்கை அடித்து மறுபடியும் பார்த்தார். "அடேயப்பா!" என்று வாயிலைத் திறந்துவிட்டார்.

ஆறு பதினாறுக்கு இருவரும் ஏறுபடியில் கால் வைத்தனர். அழுதுகொண்டு நின்ற மனைவியிடம் முதியவர் வருத்தத்தோடு சொன்ன முதல் செய்தி, "தொப்பி கிடைக்கலடி" என்பதுதான். மேஜர் விறைப்பாக நின்று காதக்காவுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

கப்பல் நகர்ந்தபின் கேப்டன் அழைத்தார். ஈர உடையை மாற்றிக்கொண்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துச் சென்றார் காதக்கா. முதல் வரியிலேயே, காலையில் அட்டை கைப்பைக்குள் போனதைத் தாம் கண்டும் தடுக்காமல் விட்டதை எழுதியிருந்தார். கேப்டன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு தாளை மேசைமேல் வைத்தார்.

"இருபது நிமிஷம் லேட். நாளைக்கே மெஷின் ஒண்ணு சொல்லி, நீங்க வேறொண்ணு சொன்னா, அப்பவும் படியைத் தூக்க விடமாட்டீங்களா?"

"விடமாட்டேன், சார்."