பின்னந்தலைகள்

சலூன்காரருக்கு முன்பக்கம் பார்த்தால் யாரையும் அடையாளம் தெரியாது என்று அவர் மனைவி கேலி செய்வாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தெருவில் எதிரே வந்து சிரிப்பவரைத் திருதிருவென்று பார்ப்பார். ஆள் கடந்து போனதும் திரும்பிப் பார்த்து, "அட, நம்ம தபால்காரரு" என்பார்.

மகளுக்கும் அதே புத்திதான். பள்ளிவிட்டு வந்தால் சலூன் பெஞ்சில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, முடி வெட்டிக்கொள்பவர்களின் பின்னந்தலைகளை வரைந்து தள்ளுவாள். ஓவியக் கல்லூரியில் சேர்ந்த பிறகும் அதை விடவில்லை. "மூஞ்சிய வரைஞ்சா ஆளாளுக்குக் குறை சொல்வாங்கப்பா. பின்னந்தலைய யாரு பாத்திருக்கா?" என்பாள். படிப்பு முடியும் முன்பே ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

மறு வருடம் அவள் நினைவாகக் கல்லூரியில் அவள் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். "போறதுக்கு முன்னாடி அந்த முடிய வெட்டிக்கக் கூடாதா? காலர்ல புரளுது. சலூன்காரர்னு சொன்னா யாரு நம்புவா?" என்று மனைவி நச்சரித்தாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினார்.

அவர் மனதில் அரித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஊர்த் தலையையெல்லாம் வரைந்தவள் அப்பாவை வரைந்தாளா? அவள் இருக்கும்போது கேட்டிருக்கலாம். கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று வீம்பாக இருந்துவிட்டார்.

கூடத்தில் கடை வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, செருப்புச் சத்தம்கூட வராமல் நடந்தார்கள். இப்படி ஒரு அமைதி மகளுக்கு ஆகவே ஆகாது. நல்லவேளையாக பேக்கரிக்காரர் ஒரு படத்தின் முன் நின்று, "யாருப்பா இது, கழுத்துல ரெண்டு மடிப்போட?" என்று கேட்டுவைத்தார்.

"நீதான்" என்றார் சலூன்காரர்.

"எனக்கு ஏது வழுக்கை?"

"அது ரொம்ப நாளா இருக்கு. மனசு நோகுமேன்னுதான் உனக்குப் பின்னாடி கண்ணாடி காட்டுறதில்ல."

கூடமே கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "நான் எங்க, நான் எங்க" என்று ஆளாளுக்கு அவரை இழுத்தார்கள். அவரும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வேர்க்க விறுவிறுக்க ஓடி, ஒவ்வொருவரையும் அவரவர் பிடரியின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். தபால்காரர் தன் சுழியைப் பார்த்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகர மறுத்தார்.

இப்படியே கடைசிச் சுவருக்கு வந்துவிட்டார். அங்கே இருந்தது ஒரே ஒரு படம், எல்லாவற்றையும்விடப் பெரியது. முடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, நடுவில் படிக்கட்டு கட்டியிருந்தது. இடது காதுக்குப் பின்னால் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். அவருக்கு முகம் சுண்டிப்போனது. எல்லாப் படமும் முடிந்துவிட்டது; அவர் எதிலும் இல்லை. போதாக்குறைக்கு இப்படியொரு தலை.

"டீச்சர், இத எடுத்துடுங்க. இது நம்ம கடையில வெட்டின தலை இல்ல. எவனோ கத்துக்குட்டி கைவெச்சிருக்கான்" என்றார் ஓவிய ஆசிரியையிடம்.

பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்க குனிஞ்சு பவுடர் டப்பாவ எடுக்குறப்பல்லாம் நாங்க பாக்குற தலை இதுங்க. உங்க தலைதான்."

தபால்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். சலூன்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கடை லீவன்னிக்கு வீட்டுல உக்கார வெச்சு உங்களுக்கு யாரு வெட்டினா?" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "'சூப்பரா வந்திருக்குப்பா'ம்பா. நீங்களும் நம்பிட்டுக் கிளம்பிடுவீங்க."

கடை நிறையக் கண்ணாடி வைத்திருந்தவர், ஒருநாளும் சரிபார்த்ததில்லை. மகள் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அவள் போன பிறகு அந்தத் தலையில் வேறு யாரையும் கத்தரி வைக்க அவர் விடவும் இல்லை. வளர்ந்து கிடந்த முடிக்குள் கையை விட்டு இடது காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். பள்ளம் மூடிப்போயிருந்தது. படத்தில் அப்படியே இருந்தது.

அப்போதுதான் உள்ளே வந்த மாணவி ஒருத்தி, படத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, யாருங்க இப்படி வெட்டிவிட்டது?" என்றாள்.

"என் பொண்ணு" என்றார் சலூன்காரர். "என்ன அழகா வெட்டியிருக்கா, பாரும்மா."