ரப்பர் தவளை

பவனா அணைக் கரையில் அவரைப் பார்த்தேன். மராத்தி பேசும் ஊரான வாகட்டில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர். மீன் பிடிக்கவும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வந்திருந்தார். தூண்டில் முனையில் ரப்பர் தவளை. தண்ணீர்மேல் அதை இரண்டு தத்தல் தத்தவிட்டு, அலை அடங்கும்வரை அசையாமல் நிறுத்துவார். அதுவரை மூச்சுகூட விடமாட்டார்.

கரையோரம் விரால் குஞ்சுகள் சிவப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன. தவளையை அவற்றின் நடுவிலேயே எறிந்தார்.

"தாய் கீழ காவலிருக்குமுங்க. பசிக்கு வராது, கோவத்துல வரும்."

வந்தது. அதை இழுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். படம் எடுத்தேன். சிரிப்பு சரியில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார். அதற்குள் வேறு மீன்கள் குஞ்சுகளுக்குள் பாய்ந்துவிட்டன. தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது.

"நான் கொல்றதில்லீங்க. திருப்பி விட்டுருவேன்."

குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்போல விராலை மெல்ல நீரில் இறக்கினார். அது நேராகத் தன் இடத்துக்கே போனது. அங்கே ஒரு குஞ்சும் இல்லை.

"இன்னொரு தடவை போடுங்களேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இனி வராதுங்க. காக்கறதுக்கு என்ன இருக்குது?"