வராதவர் பங்கு

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் ஒரு மாடிக் குடியிருப்பின் பொதுச் சமையற்கூடத்தை வாடகைக்கு எடுத்து, தங்கமலர் ஐந்து வருடமாகத் தொழில் நடத்திவந்தாள். நேசமலரும் கமலாதேவியும் அவளோடு சம பங்காளிகள். காலையில் இடியப்பமும் பற்றிஸ் பலகாரமும். மத்தியானம் இரண்டு தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடு. தங்கமலர் வாய் திறப்பது குறைவு. மாவில் தண்ணீர் கூடினால்தான் அவளுடைய குரலைக் கேட்கலாம் என்று நேசமலர் பகிடி பண்ணுவாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் அவரவர் பங்கை எடுக்குமுன், அன்று வர முடியாமற்போனவளின் பங்கை முதலில் எடுத்து வைக்க வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியும் அப்படித்தான், வருமானமும் அப்படித்தான். நேசமலருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோதும் அவளுடைய பங்கு ஒரு நாளும் தவறவில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "எங்கட பக்கத்து வழக்கம்" என்று தங்கமலர் முடித்துவிடுவாள். அவள் வாகரையாள் என்பதால், இது மட்டக்களப்புப் பக்கத்து வழக்கமாக்கும் என்று யாழ்ப்பாணத்துக் கமலாதேவி எண்ணிக்கொண்டாள். மட்டக்களப்பு நகரத்தாளான நேசமலருக்கோ அப்படியொரு வழக்கம் தெரியாது. ஆனாலும் அவள் கேட்டதில்லை.

2009 மாசி மாதம் கமலாதேவி வேலைக்கு வருவதை நிறுத்தினாள். அவளுடைய தம்பி சுகந்தன் யுத்தம் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தான். அவனிடமிருந்து வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்பும் நின்றுபோயிற்று. அவள் வீட்டில் அந்தத் தொலைபேசியின் பக்கத்திலேயே இருந்தாள். தங்கமலர் வேலை முடிந்து போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியை அவள் வீட்டுக் கதவுப் பிடியில் கொளுவிவிட்டு அடுத்த பஸ்ஸில் போவாள். வைகாசியில் யுத்தம் முடிந்தது. தம்பியைப் பற்றிய தகவல் எதுவும் வரவில்லை. பெட்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஆனியில் நகர வணிகர் சங்கத்திலிருந்து லோனே என்ற பெண் வந்தாள். அந்த ஆண்டின் சிறுதொழில் விருது இவர்களுடைய சமையற்கூடத்துக்குத்தான் என்று சொல்லி, கேடயத்தில் யார் யார் பெயரைப் பொறிக்கலாம் என்று கேட்டாள். நேசமலர் தங்களிருவரையும் காட்டினாள். தங்கமலர் மூன்று பெயர் சொன்னாள்.

இந்த நேரத்தில் விருது வாங்குவதே சரியா என்று நேசமலருக்குச் சங்கடம். போதாததற்கு, வேலைக்கு வராதவளின் பெயரையும் போடுவதா என்று ஊர் கதைக்கும் என்றாள். விருதுச் செய்தி எட்டி, ஊர் கதைக்குமுன் கமலாதேவியே கதைத்தாள். பின்னேரம் பெட்டியோடு போன தங்கமலரைக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு இருத்தினாள்.

"அக்கா, நாலு மாசமா நான் ஒரு வெங்காயம் உரிக்கேல்லை. எந்த முகத்தோட மேடையில வந்து நிக்கிறது? இந்தப் பெட்டியும் இனி வேண்டாம். பாவமெண்டு தாறதை எத்தினை நாளைக்குச் சாப்பிடுறது? நான் பங்கில இருந்து விலகுறன்."

தங்கமலர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இவள் ஒரேயடியாக விலகினால் இந்த நாலு மாதம் போலவே இனியும் இரண்டு பேரே தொழிற்சாலைச் சாப்பாட்டை இழுக்க வேண்டும். அதையாவது எப்படியும் சமாளிக்கலாம். இவளை இந்த அறையில் தொலைபேசியோடு விட்டுவிட்டுப் போவதுதான் முடியாத காரியம். பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னால் இவள் நம்பமாட்டாள். அந்த வழக்கம் யாருடையது என்று சொன்னால் நம்புவாள்.

அதைத்தான் தங்கமலர் டென்மார்க்கில் எவருக்கும் சொன்னதில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒருநாள், நேசமலரின் பெடியள் கோழிக்காலைக் கடித்து இழுப்பதைக் கண்ட கமலாதேவி, "வேடர் கூட்டம் போல" என்று சொல்லிச் சிரித்தாள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"பாவத்துக்குத் தரல்ல புள்ள," என்றாள் தங்கமலர். "நாங்க வேடர். என்ட அப்பாட ஆக்கள் வாகரைக் காட்டுக்க தேனெடுத்து, வேட்டையாடிச் சீவிச்ச சனம். காட்டால வந்தா, காய்ச்சல்ல கிடந்து வராதவன்ட பங்கத்தான் முதல்ல வெட்டி வெக்கிற. அவன் வேணாமெண்டு சொல்லேலா. அவன் வாங்காம விட்டா, நாளைக்கு நான் படுக்கக்குள்ள எனக்கும் இல்லாமப் போயிரும். நீ இத வாங்கினாத்தான் எனக்கும் நேசமலருக்கும் பங்கு இரிக்கி."

 பழைய சிரிப்பு கமலாதேவிக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"அக்கா, அண்டைக்கு நான்..."

"நானும்தானே சிரிச்சன்," என்றாள் தங்கமலர்.

கமலாதேவி பெட்டியை அவள் மடியிலிருந்து எடுத்தாள். திறந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள். "சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு."

"நீ இல்லாம ஆர் ருசி பாக்கிற?"

விருது விழா நூலக மண்டபத்தில் நடந்தது. லோனே அவர்களுடைய தொழிலின் வளர்ச்சியைப் புகழ்ந்துவிட்டு, நான்கு மாதம் வராத ஒருவரின் பெயரும் கேடயத்தில் இருப்பதன் காரணத்தைச் சபைக்குச் சொல்லும்படி கேட்டாள். தங்கமலர் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த டெனிஷ் வசனங்களைச் சொன்னாள்: தான் இலங்கையின் ஆதிக்குடிகளில் ஒன்றான வேடர் குலத்தவள். வராதவருக்கு முதற்பங்கு என்பது அவர்களுடைய சட்டம். இந்தத் தொழில் நடந்தது அந்தச் சட்டத்தால். பின்வரிசைத் தமிழர்களில் சிலர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கமலர் தலை குனியவில்லை.

பக்கத்தில் நின்ற நேசமலர் மெல்லக் குனிந்து, "அக்கா, இது பைபிள்ல இரிக்கி எண்டெல்லோ நான் நெனச்சன்," என்றாள். "எங்கட பாஸ்டரிட்டயும் சொல்லிப்போட்டன். அவர் பிரசங்கமும் வெச்சிட்டார்."

அவளுக்கு அடுத்ததாக, வெறும் வெள்ளைச் சேலையில் நின்ற கமலாதேவிக்கு நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். சம்பலை ருசி பார்த்தாள், வெங்காயம் போதாதென்று ஏசினாள். வேலை முடிந்தபோது தங்கமலர் மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். எல்லோரும் வந்திருந்ததால் தனியே எடுத்து வைக்க வேண்டிய பங்கு அன்று இல்லை.

கமலாதேவி அலுமாரியைத் திறந்து இன்னொரு பெட்டியை எடுத்து, மற்ற மூன்றுக்கும் முன்னால் வைத்தாள்.

"முதல்ல இதுக்குப் போடுங்கோ அக்கா," என்றாள். "தம்பி இன்னும் வரேல்லை."

தங்கமலர் கரண்டியை எடுத்தாள். அந்தப் பெட்டியை நிறைய நிரப்பினாள். தம்பி இருக்கும் இடம் தெரியாததால், அன்று அதை வாங்கிச் சாப்பிட்டது அவர்கள் ஏறிய பஸ்ஸின் சாரதி.