மதிலுக்கு வெளியே போன முருங்கை

நான் நட்ட முருங்கையில் நானே கீரை பறித்தால் அது திருட்டா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பினாங்கில் நாங்கள் இருக்கும் வீடு என் அப்பா என் பெயரில் எழுதிக் கொடுத்தது. பின்சந்து போடுவதற்காக முனிசிபாலிட்டி எங்கள் கொல்லையை எடுத்துக்கொண்டது. நிலத்துக்கும் அதில் நின்ற என் முருங்கை மரத்துக்கும் சேர்த்து ஈட்டுப் பணம் தந்தார்கள். அவர்கள் நீட்டிய தாளை முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். மரத்தை மட்டும் எங்களுக்கு விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மதில் உள்ளே தள்ளி எழும்பியது. வெட்டப்படாத முருங்கை சந்தின் ஓரத்தில் நின்றது. என் கணவர் அரசாங்க குமாஸ்தா. "அது இப்ப கவர்மெண்டு மரம். நீ தொடாதே" என்றார். தெருவில் மற்ற எல்லாரும் பறித்தார்கள்.

இரண்டாவது குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை; முருங்கைக்கீரை சாப்பிட்டால் பால் ஊறும் என்பார்கள். பின்கதவில் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

"நட்டவ வேடிக்கை பாக்குறா, நாங்க பொரியல் வைக்கிறோம். நல்ல கூத்து லா! இந்தா கீரை, பிடி தங்கச்சி."

அன்று பொரியலைக் கணவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. மூத்தவள்தான் கேட்டாள்.

"அம்மா, இது கவர்மெண்டு கீரைதானே?"

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அக்கா கொடுத்தால் சரி, நான் பறித்தால் தப்பு என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவள் மறுபடியும் கேட்பாள். இதைப் படிக்கும் தாய்மார்களே, நீங்கள் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.